மலைநாட்டில் குச்சி மீன் சுடுவது: முதலில் மீன், அப்புறம்தான் மசாலா

இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கமிருந்து ஒருவர் கேட்டது இது: "சனிக்கிழமை டவுனில் பலயா வாங்கி, துண்டு போட்டு, தேசிக்காய்ப் புளியும் கொச்சிக்காய்த் தூளும் பூசி ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் குச்சியில் குத்திக் கரி அடுப்பில் சுட்டோம். வெளியே கருகிவிட்டது, உள்ளே பொலபொலவென்று உதிர்ந்து பாதித் துண்டு தணலில் விழுந்தது. சாப்பிட்ட ஒருவருக்கு முகமெல்லாம் சிவந்து அரிப்பும் வந்தது. மசாலா பிழையா? வீட்டில் ஒரு சின்ன மேசை ஓவனும் இருக்கிறது, அதில் செய்யலாமா?"

மசாலாவில் பெரிய பிழை இல்லை. மீனிலும், தேசிக்காய் போட்ட நேரத்திலும், நெருப்பிலும்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்த அரிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ருசியை விட அது முக்கியம்.

பலயா, கெலவல்லா என்கிற சூரை வகைகள், கும்பளா, சாளை, லின்னா மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற ஒரு பொருள் இயல்பாகவே நிறைய இருக்கிறது. மீன் செத்த பிறகு சரியான குளிரில் இல்லாவிட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வந்தால் நம் உடம்பே சுரக்கிற அதே ஹிஸ்டமின்தான் இது, ஆகவே சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் முகம் சிவப்பது, அரிப்பு, தலையிடி, நெஞ்சு படபடப்பு, சில பேருக்கு வயிற்றோட்டம் என்று வரும். பார்ப்பதற்கு மீன் ஒவ்வாமை போலவே இருப்பதால் "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு, உண்மையில் ஒத்துக்கொள்ளாதது அந்த ஒரு மீனாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சு முட்டினாலோ, உதடு நாக்கு வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதானா, நிஜமான ஒவ்வாமையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதனால் அந்த ஒருவர் அடுத்த முறை மீன் சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை போய்க் காட்டுவது நல்லது.

இதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹிஸ்டமின் ஒருமுறை உருவாகிவிட்டால் கழுவினாலும் போகாது, சுட்டாலும் போகாது, ஃப்ரீசரில் உறைய வைத்தாலும் போகாது, எவ்வளவு தேசிக்காய் பிழிந்தாலும் போகாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாக இருக்கும்போதே அது இருக்கலாம். வாயில் வைத்ததும் காரம் போடாத இடத்திலும் நாக்கில் மிளகு கடித்த மாதிரிச் சுள்ளென்று இருந்தால் உடனே துப்பிவிடுங்கள், மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

"நம்ம ஊர் குளிர்தானே, மீன் கெடாது" என்று மலைநாட்டில் அடிக்கடி கேட்பேன். அது சரியில்லை. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகைக்குப் பக்கம், ஹட்டன், கொட்டகலை அதை விடக் கொஞ்சம் சூடு. இந்த மீன்களுக்குத் தேவை 4 பாகைக்குக் கீழே, அதாவது ஐஸ். நம் கைக்கு வருகிற மீன் நீர்கொழும்பிலோ வேறு கரையிலோ இறங்கி, பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போய், அங்கிருந்து லொறியில் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைவுகளில் ஏறி டவுனுக்கு வந்து, அப்புறம் கடைப் பலகையில் உட்கார்ந்து, சில வேளை மோட்டார் சைக்கிள் பெட்டியில் தோட்டத்துக்கும் வருகிறது. ஆழ்கடல் படகில் கடலிலேயே பல நாள் இருந்திருக்கும் என்பது வேறு. இத்தனை கையில் ஒரு கை ஐஸைக் குறைத்தாலும் அந்தக் கணக்கு மீனில் ஏறிவிடும்.

அதனால் கறிக்கு வாங்குவது போலக் குச்சி மீனுக்கு வாங்காதீர்கள். இன்றைக்குப் பலயாதான் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகவும் வேண்டாம். கடையில் எது ஐஸுக்கு நடுவில் புதைந்து கிடக்கிறதோ அதைப் பாருங்கள், மேலே பரப்பி வைத்திருப்பதை விட்டுவிடுங்கள். முழு மீன் என்றால் கண் வெளியே பிதுங்கித் தெளிவாக, செவுள் நல்ல சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் இருக்க வேண்டும். வெட்டி வைத்த கெலவல்லாத் துண்டு என்றால் சிவப்பு மண்ணிறமாகத் திரும்பியிருக்கக் கூடாது, துண்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது உறைந்து உருகிய மீன். உருகிய மீன் கெட்டது என்று அர்த்தம் இல்லை, ஆனால் நெருப்பில் தண்ணீர் விட்டு வேகும், சுடுபடாது, அதைக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம். லொறி எந்தெந்த நாளில் வருகிறது என்று கடைக்காரரிடமே கேளுங்கள், வழமையாக வாங்குகிறவருக்கு மறைக்க மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும்போது ரெஜிபோம் பெட்டி ஒன்றில் மீனுக்குச் சமமான எடை ஐஸ் போட்டால் தாராளம். பை ஒன்றில் கட்டி பஸ்ஸில் தொங்கவிட்டுக்கொண்டு, நடுவில் சாமான் கடையும் ஏறி இறங்கி வீடு போய்ச் சேர்வதைத்தான் நிறுத்த வேண்டும். சுடுகிற அன்றைக்கே வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது.

சரி, எந்த மீன்? என் முதல் தெரிவு, மூக்கு ஈட்டி மாதிரி நீண்ட தளபத் அல்லது கொப்பரா. இரண்டும் இறுக்கமான சதை, முள் கிடையாது, சதுரமாக வெட்டலாம், குச்சியில் அசையாமல் நிற்கும். கெலவல்லாவும் நன்றாக வரும், கொஞ்சம் வேக்காடு கூடினாலே காய்ந்துவிடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாமே பெரிய கடல் மீன்கள்தான், ஐஸ் விதி இவற்றுக்கும் உண்டு. தோரா (அறுக்குளா) ருசியில் மேலே, ஆனால் அது இதழ் இதழாகப் பிரிகிற சதை, ஆகவே தோலோடு பெரிய துண்டாக வெட்ட வேண்டும், விலையையும் பார்த்தால் தோராவைப் பொரித்துச் சாப்பிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பலயாவைக் குச்சிக்கு நான் சொல்ல மாட்டேன். கொழுப்புக் குறைவு, வேகமாக உதிரும், நடுவில் ஓடுகிற கறுப்புச் சதை சுடும்போது கசக்கும். பலயாதான் கிடைத்தது என்றால் அந்தக் கறுப்புச் சதையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பெரிய துண்டாகப் போடுங்கள். சாளையைத் துண்டு போட வேண்டியதே இல்லை, குடல் எடுத்து, வாய் வழியாகக் குத்தி வாலடியில் வெளியே எடுத்து முழுதாகச் சுட்டால் மலிவுக்கு மலிவு, ருசிக்கு ருசி. அதன் எண்ணெய் சொட்டி நெருப்புப் பற்றும், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது, அதை ஆட்கள் குறைவாக மதிக்கிறார்கள் என்பது என் வருத்தம். காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை, விக்டோரியா என்று சுற்றிவர நீர்த்தேக்கம். அங்கே பிடிக்கிற திலாப்பியா அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கே கைக்கு வரும். திலாப்பியா நாட்டுக்கு வந்தது 1952இல், இன்றைக்கு நம் குளத்து மீன் என்றாலே அதுதான். மேலே சொன்ன ஹிஸ்டமின் தொல்லை இந்த மீனில் பெரிதாக இல்லை. சேற்று மணம் வரும் என்பார்கள், உண்மைதான், தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளால் வருகிறது அது, புளிப்பு அதை உடைக்கும். தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரிலோ கொறக்காய் கரைத்த தண்ணீரிலோ ஒரு பத்து நிமிடம் போட்டுக் கழுவி எடுத்தால் மணம் நன்றாகக் குறையும். சதை மெல்லியது என்பதால் சதுரம் போடாமல், இரண்டு விரல் அகலத்தில் நீள நாடாவாக வெட்டி, தைப்பது போல உள்ளே வெளியே உள்ளே வெளியே என்று குச்சியைக் கோத்து நெருக்கிவிடுங்கள். நன்னீர் மீன் என்பதால் நடுவில் பச்சையாக விடக் கூடாது, முழுதாக வேக வேண்டும்.

இப்போது ஊறவைப்பது. ராத்திரி முழுக்கத் தேசிக்காய் என்பதுதான் உங்கள் மீன் உதிர்ந்ததற்கு முதல் காரணம். புளிப்பு பட்டால் மீனின் புரதம் நெருப்பில் வேகுவது போலவே இறுகி வெளுக்கும். மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் நேரம் வேண்டும், ஏனென்றால் அவற்றில் கடினமான இணைப்புத் திசு அதிகம். மீனில் அது மிகக் குறைவு, இருப்பதும் இலகுவில் கரைந்துவிடும். அதனால்தான் வெந்த மீன் இதழாகப் பிரிகிறது. ராத்திரி முழுக்கப் புளியில் கிடந்த துண்டு அடுப்புக்கு வரும்போதே பாதி வெந்து மாவாகியிருக்கும், அதை நெருப்பில் வேறு வைத்தால் எப்படி நிற்கும்?

மீனுக்கு முதலில் வேண்டியது உப்பு மட்டும். அரைக் கிலோ துண்டுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிப் புரட்டி, ஃப்ரிட்ஜில் மூடாமல் அரை மணித்தியாலம் வையுங்கள். சதை இறுகும், மேலே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரைத் துணியாலோ கடதாசியாலோ ஒற்றி எடுப்பதை மட்டும் விடாதீர்கள், குறிப்பாக மழைக் காலத்தில் எதுவுமே தானாகக் காயாத நம் ஊர்களில். ஈரம் இருக்கிற வரைக்கும் மேல்பக்கம் சிவக்காது, ஈரம் போன பிறகுதான் நிறம் வரும், அதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும்.

மசாலா நான் சொல்வது இது, அரைக் கிலோவுக்கு: இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி நிறைய, மஞ்சள் கால் தேக்கரண்டி, கொச்சிக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி, மூன்று நான்கு பல் உள்ளியும் ஒரு சின்னத் துண்டு இஞ்சியும் அரைத்த விழுது, தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தளபத், கெலவல்லா மாதிரிக் காயக்கூடிய மீனுக்கு தேங்காயின் முதல் பால் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் மேலே ஒரு பூச்சாக நின்று காப்பாற்றும். உப்பு ஏற்கெனவே போட்டாயிற்று, மறுபடி வேண்டாம். இருபது நிமிடம் போதும். மிளகை முன்னே நிறுத்தி, கொச்சிக்காயைப் பின்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு: கொச்சிக்காய்த் தூள் நேரடித் தணலில் சீக்கிரம் கருகிக் கசக்கும், முரட்டாக இடித்த மிளகு தாங்கும். வறுத்த கறித்தூளும் அப்படித்தான், ஏற்கெனவே வறுத்ததை இன்னொரு முறை நெருப்பில் காட்டினால் கரி மணம்தான் மிஞ்சும், வேண்டுமென்றால் இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை தூவுங்கள். சீனி, தேன், தக்காளி சோஸ் எதையும் முதலில் பூச வேண்டாம். தேசிக்காயும் இறக்கிய பிறகுதான். சூட்டோடு பிழிந்தால் மணம் மேலே நிற்கும், சதைக்கும் சேதமில்லை.

மீனோடு எதைக் கோப்பது என்பதில் ஹோட்டல்காரர்கள் பெரிய குடைமிளகாயும் தக்காளியும் போடுவார்கள். தக்காளி தண்ணீர் விட்டு மீனை அவித்துவிடும், எனக்குப் பிடிக்காது. நம் ஊரில் லீக்ஸ் இருக்கிறது, அதை விட்டு வேறெங்கே போவது? அடியில் உள்ள வெள்ளைத் தண்டை ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டி, மீன் ஒன்று, லீக்ஸ் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்துவிடுங்கள். நெருப்பில் அது இனிக்கும், மீனோடு அது சேருவது போல வேறு மரக்கறி சேராது. பம்பாய் வெங்காயம் இதழாகப் பிரித்ததும் நல்லது. கரட், உருளைக்கிழங்கு போட ஆசை என்றால் முன்கூட்டியே அவிக்க வேண்டும், மீன் வேகுகிற நேரத்தில் அவை வேகவே வேகாது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் கிழங்கு அவியவும் அங்கே கூடுதல் நேரம் எடுக்கும்.

குத்துவதில் ஒரு நுட்பம். மீன் துண்டைப் பார்த்தால் சதை அடுக்கடுக்காக இருப்பது தெரியும். அடுக்குக்கு நடுவில் குச்சியை விட்டால் நீங்களே துண்டைப் பிளந்து கொடுத்த மாதிரி. அடுக்குகளுக்குக் குறுக்கே, எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பது போலக் குத்துங்கள். துண்டு இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் இருக்கட்டும், தோல் இருந்தால் எடுக்காதீர்கள், அது பிடித்து நிறுத்தும். ஒரே குச்சியில் குத்தினால் திருப்பும்போது குச்சி மட்டும் சுழலும், மீன் அப்படியே கிடக்கும், ஆகவே ஒரு விரல் இடைவெளியில் இரண்டு குச்சி. மூங்கில் குச்சியை அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவையுங்கள். சில்வர் கம்பி, அதுவும் தட்டையானது, வாங்க முடிந்தால் இன்னும் சுகம். வேலிக் கம்பி மாதிரித் துத்தநாகம் பூசியதை நெருப்பில் வைக்க வேண்டாம். வேலி ஓரத்தில் எந்தச் செடியையும் ஒடித்துக் குச்சியாக்கவும் வேண்டாம், அரளி மாதிரி நச்சுச் செடிகள் வீட்டு முற்றத்திலேயே நிற்கின்றன. கொய்யாக் குச்சி சீவிக்கொண்டால் பயமில்லை.

நெருப்புக்குச் சிரட்டைக் கரி மிக நல்லது, சூடு அதிகம், புகை குறைவு. விறகு அடுப்பு இருக்கிற வீடுகளில் கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய கிளை, எரித்த தணலும் அருமையாக நிற்கும், நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பைன், சைப்ரஸ், யூகலிப்டஸ் மூன்றும் கூடாது, பிசினும் எண்ணெயும் புகையில் ஏறி மீன் முழுக்க மருந்து மணக்கும். பெயின்ட் அடித்த பழைய பலகையும் கூடாது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவு, நுவரெலியாவில் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், அதோடு மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் கரி பிடிக்க நேரம் எடுக்கும். அவசரப்பட்டு மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த மணம் மீனை விட்டுப் போகாது. பழைய தகர டின் ஒன்றில் அடியைச் சுற்றி ஓட்டை போட்டு, கீழே கடதாசி, மேலே கரி என்று நிரப்பிப் பற்றவைத்தால் காற்று இழுத்து அதுவாகவே எரியும். கரி முழுக்க வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் மீன். உள்ளங்கையைத் தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துப் பாருங்கள், மூன்று நான்கு விநாடியில் கையை எடுக்கத் தோன்றினால் அதுதான் பதம். ஒரு விநாடியிலேயே எடுக்க வேண்டியிருந்தால் உங்களுக்கு நடந்தது போல வெளியே கருகிவிடும், உள்ளே வேகாமலும் போகலாம்.

ஒட்டுவதுதான் பலருக்குப் பிரச்சினை, அதற்கு வழி கம்பி வலையையே எடுத்துவிடுவது. இரண்டு வரிசை ப்ளொக் கல்லை குச்சி நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் வைத்து, நடுவில் தணலைப் பரப்பி, குச்சியின் இரண்டு முனையும் கல்லில் தங்கும்படி வையுங்கள். மீன் எதையுமே தொடாது, தொடாதது ஒட்டாது. முனைகள் தணலுக்கு வெளியே இருப்பதால் குச்சியும் எரியாது.

இந்த அளவுத் துண்டுக்கு மொத்தம் ஆறிலிருந்து எட்டு நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி. நடுவில் ஒருமுறை ரம்பையோ லீக்ஸ் இலையோ கட்டித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவலாம், சொட்டாமல். வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டைக் கத்தி முனையால் விலக்குங்கள், கண்ணாடி போல இருந்தது வெள்ளையாகி இலேசாக இதழ் பிரிந்தால் முடிந்தது. வெப்பமானி இருந்தால் நடுவில் 63 பாகை. அதற்கு மேலே போகிற ஒவ்வொரு நிமிடமும் மீனைக் காயவைக்கிற நிமிடம்தான். தணலில் தேயிலைத் தூள் போட்டால் மணமாக இருக்குமா என்று சிலர் கேட்பார்கள். திறந்த நெருப்பில் அது கருகிக் கசப்புப் புகைதான் தரும், மூடி வைத்துச் சுடுகிற அடுப்பு இருந்தால் மட்டும் ஈரமாக்கிய ஒரு பிடி போட்டுப் பாருங்கள்.

உங்கள் மேசை ஓவன் தாராளமாகப் போதும், மழை நாளில் நானும் அதைத்தான் சொல்வேன். மேலே சூடேறுகிற கம்பியை மட்டும் போட்டு முழுச் சூட்டில் பத்து நிமிடம் காயவிடுங்கள். ஓரம் உயர்ந்த தட்டின் மேலே குச்சிகளைக் குறுக்கே கிடத்தி மீன் தொங்கும்படி வையுங்கள், மீனுக்கும் கம்பிக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் அளவு இருக்கட்டும். தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றினால் சொட்டும் எண்ணெய் புகையாது. நான்கு நிமிடம், திருப்பி மூன்று நான்கு நிமிடம். ஓவனில் தணல் மணம் வராது, அதை மறைக்க மசாலாவைக் கூட்டாமல் மிளகை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். ஓவனும் இல்லை என்றால் நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் தடவி நாலு பக்கமும் புரட்டினாலும் நல்ல மீன் நல்லதாகவே வரும்.

கூடச் சாப்பிட ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருந்தால் வேறு ஒன்றும் தேடாதீர்கள். மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், காலையில் உதிர்த்து வெங்காயத்தோடு தாளித்தால் பாணுக்குப் போதும்.

கடைசியாக, சுட்டு முடிந்ததும் மிச்சத் தணலை என்ன செய்கிறீர்கள் என்பது. குளிராக இருக்கிறதே என்று அந்த அடுப்பைக் காம்பராவுக்குள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரித் தணல் விடுகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மழை பெய்தாலும் இஸ்தோப்புக்கு வெளியே, காற்றோட்டமான கூரைக்குக் கீழேதான் சுட வேண்டும், முடிந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைத்துவிட்டுப் படுங்கள்.